பிரெடெரிக் லான்செஸ்டர்

பிரெடெரிக் வில்லியம் லான்செஸ்டர் (அக்டோபர் 23, 1868 – மார்ச் 8, 1946) இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். பிரித்தானியத் தானுந்துத் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான இவர், வானூர்தியின் இறக்கை எவ்வாறு ஏற்றவிசையைப் பெறுகிறது என்பதை முதன்முதலாக விளக்கியவர்களுள் ஒருவராகவும், போர்ப்படைகளின் வலிமையைக் கணக்கியல் முறையில் ஆராய்ந்தவராகவும் அறியப்படுகிறார். தமிழ்நாட்டில் டிஸ்க் பிரேக் என்று எல்லோரும் சொல்லும் வட்டுத் தடைக்கு 1902 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவரும் இவரே. கொல்லிமலை போன்ற மலைச் சாலைகளில் இன்று இறங்கும் தானுந்துகளும் விசையுந்துகளும் பெரும்பாலும் இவ்வகைத் தடையையே நம்பியுள்ளன. பந்தய மிதிவண்டிகளுக்கு அது வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கும் மேலானது.

இளமையும் கல்வியும்

லான்செஸ்டர் இலண்டனின் லூயிசாம் பகுதியில் பிறந்தார். தந்தை என்றி ஜோன்ஸ் லான்செஸ்டர் ஒரு கட்டடக் கலைஞர். தாய் ஆக்டேவியா இலத்தீனும் கணிதமும் கற்பித்தவர். எட்டுப் பிள்ளைகளுள் பிரெடெரிக் நான்காமவர். இவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பிரைட்டனை அடுத்த ஓவ் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் இவர் சிறந்து விளங்கியதாகத் தெரியவில்லை. பின்னர் சவுத்தாம்ப்டனில் இருந்த ஆர்ட்லி கல்விக்கூடத்திலும், இலண்டன் கென்சிங்டனில் இருந்த அறிவியல் பள்ளியிலும் பயின்றார். பொறியியல் பயிற்சி போதாமையால் பின்ஸ்பரி தொழில்நுட்பப் பள்ளியின் மாலை வகுப்புகளுக்கும் சென்றார். முறையான பட்டம் எதையும் பெறாமலேயே கல்வியை முடித்துக்கொண்டார்.

இக்குடும்பத்துக்கும் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. இவருடைய அண்ணன் என்றி வாகன் லான்செஸ்டர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரும் நகரமைப்பு வல்லுநரும் ஆவார். சென்னை மாகாணத்தின் நகரமைப்பைப் பற்றி இவர் எழுதிய நூல் 1918 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஜோத்பூரின் உமைத் பவன் அரண்மனையை வடிவமைத்தவரும் இவரே. நடிகை எல்சா லான்செஸ்டர் இவர்களுடைய தங்கை ஈடித்தின் மகள் ஆவார்.

பர்மிங்காமில் தொழில்

1889 ஆம் ஆண்டில் லான்செஸ்டர் பர்மிங்காம் நகரின் சால்ட்லி பகுதியில் இருந்த ஒரு வளிம எந்திர நிறுவனத்தில் பணிக்குச் சேர்ந்தார். எந்திரத்தின் வேகத்தைச் சீராக்கும் ஒரு கருவியையும், எந்திரத்தைத் தானாகத் தொடங்கிவைக்கும் ஒரு கருவியையும் அங்கே உருவாக்கினார். அதுவரை பெரிய வளிம எந்திரங்களைத் தொடங்கப் பணியாட்கள் சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டியிருந்தது. அவ்வேலை ஆபத்தானது. தொடக்கக் கருவிக்கான உரிமையிலிருந்து கிடைத்த பணமே இவருடைய பிந்தைய ஆய்வுகளுக்கு முதலாயிற்று.

அக்காலத்துப் பர்மிங்காம் மிதிவண்டித் தொழிலின் மையங்களுள் ஒன்றாக இருந்தது. சிறிது தொலைவில் உள்ள கோவென்றியில்தான் 1885 ஆம் ஆண்டில் ஜான் கெம்ப் ஸ்டார்லி இரு சம சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட ரோவர் மிதிவண்டியை வெளியிட்டார். தமிழ்நாட்டில் வீட்டுப் பெயர்களாகிவிட்ட பி. எஸ். ஏ., எர்க்குலிஸ் ஆகியவை இரண்டும் பர்மிங்காம் நிறுவனங்களே. இவற்றுள் பி. எஸ். ஏ. பின்னாளில் லான்செஸ்டரின் வாழ்க்கையிலும் குறுக்கிடுகிறது.

தானுந்து

1895 ஆம் ஆண்டில் லான்செஸ்டர் தம் தம்பி ஜார்ஜின் துணையுடன் ஒரு தானுந்தை உருவாக்கத் தொடங்கினார். 1896 ஆம் ஆண்டில் அது சாலையில் ஓடியது. அப்போதைய பிற தானுந்துகள் குதிரை வண்டியில் எந்திரத்தைப் பூட்டியவை போன்றே இருந்தன. லான்செஸ்டரோ வண்டி முழுவதையும் புதிதாக எண்ணி வடிவமைத்தார். எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரு வணரித் தண்டுகளால் எந்திரத்தின் அதிர்வைக் குறைத்தார். கோள் பற்சக்கர அமைப்பைக் கொண்டு வேகத்தை மாற்றினார்.

1899 ஆம் ஆண்டு டிசம்பரில் சகோதரர்கள் மூவரும் சேர்ந்து லான்செஸ்டர் எந்திர நிறுவனத்தை நிறுவினர். மற்றொரு தம்பியான பிராங்க் விற்பனையைக் கவனித்தார். ஒரு வண்டியின் உறுப்பை எடுத்து மற்றொரு வண்டியில் அப்படியே பொருத்தலாம் என்னும் அளவுக்குத் துல்லியமான அளவுகோல்களை லான்செஸ்டர் தம் ஆலையில் ஏற்படுத்தினார். எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங் இவ்வண்டிகளை வாங்கியோருள் ஒருவர். பிற்காலத்தில் நவாநகர், ஆல்வார் முதலிய இந்திய அரசுகளின் மன்னர்களும் லான்செஸ்டர் வண்டிகளை வாங்கினர். எனினும் நிறுவனத்தில் போதிய முதல் இல்லை. வண்டிகளுக்குத் தேவை இருந்தபோதே 1904 ஆம் ஆண்டில் அது கடன்காரர்களின் பொறுப்புக்குச் சென்றது. பின்னர் லான்செஸ்டர் மோட்டார் நிறுவனம் என்ற பெயரில் திருத்தி அமைக்கப்பட்டது. பொறியியலில் கைதேர்ந்த லான்செஸ்டருக்கு முதலீட்டாளர்களோடு ஒத்துப்போகும் கலை வாய்க்கவில்லை எனலாம்.

வட்டுத் தடை

தொடக்ககாலத் தானுந்துகளின் தடைகள் குதிரை வண்டிகளிலிருந்து வந்தவை. சக்கரத்தின் புறப்பரப்பின் மேல் ஒரு கட்டையை அழுத்துவதோ, ஓர் உருளையைச் சுற்றிப் பட்டையை இறுக்குவதோ வழக்கமாக இருந்தது. காற்றடைத்த டயர் வந்தபின் முதல் முறை டயரையே தேய்த்தது. பட்டைத் தடையோ சூடேறியபோது பிடிப்பை இழந்தது.

லான்செஸ்டர் 1902 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அமைப்பு வேறுவிதமானது. பின்சக்கரத்துடன் சேர்ந்து சுழலுமாறு ஒரு மெல்லிய உலோக வட்டு பொருத்தப்பட்டது. ஓட்டுநர் தடையை இயக்கியதும், வட்டின் ஓரத்தை இருபுறமும் இரு தாடைகள் இடுக்கியைப் போல் கவ்வின. இரு பக்கமும் சம அளவில் அழுத்துவதால் வட்டு வளைவதில்லை. வட்டின் பெரும்பகுதி எப்போதும் காற்றுக்குத் திறந்திருப்பதால் சூடு எளிதில் வெளியேறும். இன்றைய வட்டுத் தடைகளின் அடிப்படையும் இதுவே.

ஆனால் இவ்வமைப்பு நிலைக்கவில்லை. குறை கொள்கையில் இல்லை, பொருளில் இருந்தது. உராய்வைத் தாங்கும் பட்டைகளுக்குச் செம்பைத் தவிர வேறு ஏற்ற பொருள் அப்போது அவருக்குக் கிடைக்கவில்லை. உலோகத்தோடு உலோகம் உரசியதால் காதைத் துளைக்கும் ஓசை எழுந்தது. தாரிடப்படாத சாலைகளின் புழுதி செம்புக்கும் வட்டுக்கும் இடையே புகுந்து, செம்பை விரைவாகத் தேய்த்துவிட்டது. கல்நார் கலந்த உராய்வுப் பட்டைகளை எர்பர்ட் ஃப்ரூட் உருவாக்கியது இதற்குச் சில ஆண்டுகள் பின்னரே. அதற்குள் வாகன உலகம் உருளைத் தடையின் பக்கம் சென்றுவிட்டிருந்தது. (கல்நார் நுரையீரல் நோய்களை உண்டாக்குவது தெரியவந்தபின், அதுவும் பல நாடுகளில் கைவிடப்பட்டது.)

வானூர்தியியலும் பிற ஆய்வுகளும்

தானுந்தில் ஈடுபட்டிருந்தபோதே லான்செஸ்டர் பறத்தலைப் பற்றியும் ஆராய்ந்தார். இறக்கையைச் சுற்றி ஏற்படும் காற்றின் சுழற்சியே ஏற்றவிசைக்குக் காரணம் என்னும் கருத்தை 1894 ஆம் ஆண்டில் பர்மிங்காமில் ஒரு கழகத்தின் முன் வைத்தார். விரித்தெழுதிய கட்டுரையை 1897 ஆம் ஆண்டில் இலண்டன் இயற்பியல் கழகம் ஏற்கவில்லை. மனந்தளராத இவர், தம் முடிவுகளை 1907, 1908 ஆம் ஆண்டுகளில் இரு பெரிய நூல்களாக வெளியிட்டார். செருமனியில் லுட்விக் பிராண்டில் இத்துறையை முழுமையான கணிதக் கோட்பாடாக வளர்த்தபின், அக்கோட்பாடு இருவர் பெயராலும் வழங்கலாயிற்று. வானூர்தி மேலும் கீழும் மெல்ல அலைந்து செல்வதற்கு லான்செஸ்டர் ஒரு கிரேக்கச் சொல்லைக் கொண்டு ஃபியூகாய்டு என்று பெயரிட்டார். அச்சொல்லுக்குப் பறத்தல் என்றன்றித் தப்பியோடுதல் என்பதே பொருள். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

1909 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசின் வானூர்தியியல் ஆலோசனைக் குழுவில் உறுப்பினரானார். அதே ஆண்டில் டெய்ம்லர் நிறுவனத்தின் ஆலோசகராகவும் அமர்ந்தார். வணரித் தண்டின் முறுக்கதிர்வைத் தணிக்கும் கருவியும், எந்திர அதிர்வைச் சமன்செய்யும் சுழல்தண்டுகளும் இக்காலத்தவை. இச்சுழல்தண்டு முறையை சப்பானின் மிட்சுபிசி நிறுவனம் 1970களில் மீண்டும் கையாண்டது. முதல் உலகப் போரின்போது வெளியான இவருடைய நூல் ஒன்றில், இரு படைகள் மோதும்போது ஏற்படும் இழப்புகளைச் சமன்பாடுகளால் விளக்கினார். லான்செஸ்டர் விதிகள் எனப்படும் இவை இன்றும் செயற்பாட்டு ஆய்வியலில் கற்பிக்கப்படுகின்றன.

இறுதிக் காலம்

1919 ஆம் ஆண்டில் லான்செஸ்டர் டொரதியா கூப்பரை மணந்தார். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. 1922 ஆம் ஆண்டில் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1931 ஆம் ஆண்டில் வானூர்தியியலுக்கான டேனியல் கக்கன்ஐம் பதக்கத்தைப் பெற்றார். அதே ஆண்டில் லான்செஸ்டர் மோட்டார் நிறுவனத்தை பி. எஸ். ஏ. குழுமம் விலைக்கு வாங்கியது. டெய்ம்லர் நிறுவனமும் 1910 ஆம் ஆண்டிலிருந்து அக்குழுமத்துக்கே உரியதாக இருந்தது. இவ்வாறு, மிதிவண்டியால் தமிழர் அறிந்த ஒரு பெயரின் கீழ் இவருடைய நிறுவனமும் சென்று சேர்ந்தது.

1925 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில் ஒலிபெருக்கிகள் போன்றவற்றை உருவாக்க முயன்றார். பொருளாதார மந்தமும் நடுக்குவாத நோயும் அம்முயற்சியை முடக்கின. 400க்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றிருந்தும் இவர் செல்வம் சேர்க்கவில்லை. பல கண்டுபிடிப்புகளின் காப்புரிமைக் காலம், அவை பயன்பாட்டுக்கு வருமுன்பே முடிந்துவிட்டது. முதுமையில் பார்வையும் மங்கியது. மோட்டார்த் தொழில் சார்ந்த ஓர் அறநிதியின் உதவியால் பர்மிங்காமின் மோஸ்லி பகுதியில் இருந்த தம் வீட்டிலேயே வாழ்ந்து, 1946 ஆம் ஆண்டு மார்ச் 8 ஆம் நாள் காலமானார்.

கோவென்றியில் 1970 ஆம் ஆண்டில் உருவான பல்தொழில்நுட்பக் கல்லூரிக்கு லான்செஸ்டர் பெயர் சூட்டப்பட்டது. அது பின்னர் கோவென்றிப் பல்கலைக்கழகம் ஆனது. அதன் நூலகம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

வட்டுத் தடையின் மீள்வருகை

லான்செஸ்டர் இறந்து ஏழாண்டுகளுக்குப் பின், 1953 ஆம் ஆண்டில் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஜாகுவார் வண்டிகள் வெற்றி பெற்றன. அவற்றில் டன்லப் நிறுவனத்தின் வட்டுத் தடைகள் பொருத்தப்பட்டிருந்தன. 1888 ஆம் ஆண்டில் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காக ஜான் பாய்ட் டன்லப் செய்த காற்று டயரிலிருந்து பிறந்ததே அந்நிறுவனம். 1955 ஆம் ஆண்டின் சிட்ரோவன் டி. எஸ். தானுந்து முன்சக்கர வட்டுத் தடையைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. விசையுந்துகளில் 1970களிலும், மலையேற்ற மிதிவண்டிகளில் 1990களிலும் இது பரவியது.

சாலை மிதிவண்டிப் பந்தயங்களில் மட்டும் கடும் எதிர்ப்பு இருந்தது. பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 2015 ஆம் ஆண்டில் சோதனை முறையில் இதை அனுமதித்தது. 2016 ஏப்ரலில், பாரிசு–ரூபே பந்தயத்தில் விழுந்த ஒரு வீரர் வட்டின் ஓரம் தம் காலை வெட்டியதாகக் கூறியதை அடுத்து அச்சோதனை நிறுத்தப்பட்டது. 2017 ஆம் ஆண்டில் சோதனை மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டின் டூர் டி பிரான்சில் செருமானிய வீரர் மார்செல் கிட்டெல் வட்டுத் தடை மிதிவண்டியில் ஒரு கட்டத்தை வென்றார். 2018 சூலை 1 முதல் முழு அனுமதி கிடைத்தது.

விளிம்புத் தடையும் வட்டுத் தடையும்

மிதிவண்டி இத்தனை காலம் காத்திருந்ததற்கு வலுவான காரணம் உண்டு. விளிம்புத் தடையில் இரு பிரேக் கட்டைகள் ரிம்மை இருபுறமும் கவ்வுகின்றன. அதாவது, ரிம்மே லான்செஸ்டரின் வட்டாக ஆகிவிடுகிறது. சக்கரத்துக்கு எப்படியும் ரிம் வேண்டும் என்பதால், தனியாக ஒரு வட்டு தேவைப்படவில்லை. ஊர்களில் நெடுங்காலம் ஓடிய கம்பித் தடை மிதிவண்டிகளில், கம்பிகள் இழுக்கும் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தைத் தொட்டன. சென்னை அம்பத்தூரில் 1949 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட டி. ஐ. சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்த வண்டிகளுள் இவ்வகையும் பல. கட்டை தேய்ந்தால் எந்தச் சைக்கிள் கடையிலும் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம்.

விசையின் கணக்கிலும் ரிம்முக்கே ஆதாயம். சாலை மிதிவண்டியின் ரிம் அச்சிலிருந்து ஏறத்தாழ 310 மில்லிமீட்டர் தொலைவில் உள்ளது. 160 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டின் ஓரமோ 80 மில்லிமீட்டர் தொலைவில் உள்ளது. எனவே அதே நிறுத்தும் ஆற்றலுக்கு வட்டின் மேல் ஏறத்தாழ நான்கு மடங்கு உராய்வு விசை வேண்டும். நீர்ம அழுத்தம் கொண்டு இயங்கும் தடைகள் வந்தபின் விரல்களுக்கு இது சிரமமாக இல்லை. ஆனால் வட்டில் எழும் விசை சக்கரக் குடத்தின் வழியாக ஆரைக்கம்பிகளுக்கும் முன்கவைக்கும் செல்கிறது. ஆகவே அவையும் வலுவாக அமைய வேண்டும். வண்டியின் எடை சில நூறு கிராம் கூடுகிறது.

உலர்ந்த சாலையில் ஓர் அலுமினிய ரிம்மின் நல்ல விளிம்புத் தடைக்கும் வட்டுத் தடைக்கும் நிற்கும் தொலைவில் பெரிய வேறுபாடு இராது. முன்தடையை மிகக் கடுமையாகப் பிடித்தால் பின்சக்கரம் தரையை விட்டு எழத் தொடங்கும். அந்த எல்லையை இரண்டுமே எட்டக்கூடியவை. மழையில்தான் நிலை மாறுகிறது. நனைந்த ரிம்மின் நீரைக் கட்டைகள் முதலில் துடைத்தாக வேண்டும். அதுவரை வண்டி தடையின்றி ஓடும். கரிம இழை ரிம்களில் இக்குறை மேலும் அதிகம். சக்கரத்தின் நடுவே சேற்றுக்கு எட்டா உயரத்தில் உள்ள வட்டில் நீர் குறைவாகவே தங்குகிறது. அதன் மேல் அழுத்தமும் மிகுதி என்பதால், நீர் உடனே விலகிவிடுகிறது. ரிம் வளைந்துபோனாலும் வட்டுத் தடை வேலை செய்யும் என்பதும் குறிப்பிடத்தக்கது. மறுபுறம், வட்டில் எண்ணெய் பட்டால் பிடிப்புக் கெடும். நீர்மக் குழாயில் காற்று புகுந்தால், அதை நீக்கத் தனிக் கருவிகள் தேவை. தொலைதூரச் சிற்றூரில் இது எளிதில் ஆகும் காரியமன்று.

கொல்லிமலைச் சாலையில்

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மிதிவண்டி வீரர்களும் இதில் ஏறி இறங்குவதுண்டு. வளைவுகள் அடுத்தடுத்து வருவதால், இறங்குபவர் வேகத்தைச் சேர்ப்பதும் உடனே குறைப்பதுமாகவே செல்ல வேண்டும். தடைகள் ஆறுவதற்கு நீண்ட நேர்ச்சாலை கிடைப்பதில்லை.

ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எனக் கொண்டால், ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் இறங்கும்போதும் ஏறத்தாழ 78 கிலோயூல் ஆற்றல் விடுபடுகிறது. வேகமாகச் செல்லும் நேர்ச்சாலையில் இதில் பெரும்பங்கைக் காற்றின் தடை எடுத்துக்கொள்ளும். வளைவுகள் நிறைந்த சாலையில் மெதுவாக இறங்கும்போது, பெரும்பங்கு தடைகளில் வெப்பமாக மாறுகிறது. முழுதும் தடைகளுக்கே சென்றால், 375 மீட்டர் இறங்குவதற்குள் 30 பாகையில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் உண்டாகிவிடும்.

இவ்வெப்பம் எங்கே செல்கிறது என்பதே இரு தடைகளுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு. விளிம்புத் தடையில் அது டயரும் டியூப்பும் அமர்ந்திருக்கும் ரிம்முக்குச் செல்கிறது. தடையை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் கூடி டியூப் வெடிக்க வாய்ப்புண்டு. கரிம இழை ரிம்மில் இழைகளைப் பிணைக்கும் பிசின் இளகி, ரிம் உருக்குலையலாம். பல ஆண்டுகள் உழைத்த அலுமினிய ரிம்மின் சுவர், கட்டைகள் தேய்த்துத் தேய்த்து மெலிந்திருக்கும். அது உடைவதும் பெரும்பாலும் இத்தகைய இறக்கத்திலேயே. இதனால்தான் பல ரிம்களில் தேய்மானத்தைக் காட்டும் குழி ஒன்று இடப்படுகிறது. அக்குழி மறைந்துவிட்டால் ரிம்மை மாற்ற வேண்டும்.

வட்டுத் தடையில் வெப்பமும் தேய்மானமும் டயரிலிருந்து விலகி, மாற்றுவதற்கு எளிதான ஒரு வட்டுக்கும் இரு பட்டைகளுக்கும் செல்கின்றன. எனினும் வட்டு சிறியது என்பதால் விரைவாகச் சூடேறும். விடாமல் பிடித்தால் பட்டைகள் பளபளப்பேறிப் பிடிப்பை இழக்கும். நீர்மம் கொதித்தால் கைப்பிடி தளர்ந்துவிடும். ஆகவே எத்தடையாயினும், வளைவுக்கு முன் உறுதியாகப் பிடித்துப் பின் முழுதும் விட்டுவிடுவதே மலையிறக்கத்தில் கையாளப்படும் முறை.

இன்று மிதிவண்டி வட்டுத் தடைகளின் பட்டைகள் இரு வகைகளில் கிடைக்கின்றன. பிசினால் பிணைத்த மென்பட்டைகள் ஓசையின்றிச் செயல்பட்டாலும் மழையிலும் சேற்றிலும் விரைவில் தேய்கின்றன. நீண்ட இறக்கத்துக்கும் மழைக்கும் பரிந்துரைக்கப்படுபவை, உலோகத் துகள்களைச் சூட்டில் இறுக்கிச் செய்த பட்டைகள். அவை சற்று ஓசை எழுப்பும். அத்துகள்களுள் லான்செஸ்டர் பயன்படுத்திய செம்பும் பெரும்பாலும் இடம்பெறுகிறது.